கப்பல் கவிழும் சத்தம்

பியூலா அந்த வீட்டுக்கு முதன்முதலில் போனது ஒரு புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இராஜபாளையத்தில் இறங்கி, பேண்டேஜ் துணி நெய்யும் தறி செட்டுகள் வரிசையாக இருக்கும் தெருவுக்குள் நடந்தாள். இரண்டு பக்கமும் தறிச் சத்தம் காதை அடைத்தது. ஒரே ஒரு செட்டில் மட்டும் சத்தமில்லை. கதவில் துருவேறிய பூட்டு. அதை ஒட்டினாற்போல அதன் முதலாளி சுப்புராஜின் வீடு.

பக்கவாதம் வந்து கை விளங்காமல் போனவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுப்பது பியூலாவின் வேலை. சுப்புராஜுக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. நான்கு மாதத்துக்கு முன் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

கதவைத் திறந்தவள் அவர் மனைவி அங்காளம்மாள். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு.

"வாம்மா. அவிய உள்ள இருக்காவ."

உள்ளே பிளீச்சிங் நெடி அடித்தது. செட்டை மூடி ஐந்து வருடமாகிறது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். சுவர்களுக்குள் ஊறிய நெடி போலும். பட்டப்பகலிலும் குழல்விளக்குப் போட வேண்டியிருந்த அறையில், தேக்கு மேஜைக்குப் பின்னால் சுப்புராஜ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது.

பியூலா கையைப் பிடித்துவிட்டாள், பந்தை அமுக்கச் சொன்னாள். பிறகு பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தாள். அடிப்பாகம் வளைந்த சின்ன மரக்கப்பல், பன்னிரண்டு பென்குயின் பொம்மைகள். கப்பல் தொட்டாலே ஆடும். ஆளுக்கொரு பொம்மையாக அதன் மேல் நிறுத்திக்கொண்டே வர வேண்டும். யார் வைக்கும்போது கவிழ்கிறதோ அவர் தோற்றார்.

கப்பலைக் கண்டதும் சுப்புராஜின் நல்ல கை மேஜை விளிம்பை இறுகப் பற்றியது.

"சின்னப்பிள்ள வெளையாட்டுன்னு நெனைக்காதீங்க ஐயா. வெரலுக்கு இதவிட நல்ல பயிற்சி கெடையாது."

வாசற்படியில் நின்ற அங்காளம்மாள் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத எங்கம்மா வாங்குன?"

"வில்லிபுத்தூர்லதான். தேரோட்டத்தப்போ கடை போட்டிருந்தாங்க."



பியூலா ஒரு பொம்மையை வைத்தாள். பெரியவரின் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்து இன்னொன்றை வைக்க வைத்தாள். மூன்றாவதை அவள் வைத்தாள். குறிப்பேட்டில் ஏதோ எழுதிவிட்டு நிமிர்ந்தபோது கப்பலில் நான்கு பொம்மைகள் நின்றன.

பெரியவரின் வலது கை மடியில்தான் கிடந்தது; இடது கை இன்னும் மேஜை விளிம்பை விடவில்லை.

எண்ணியதில் தவறு என்று நினைத்துக்கொண்டு அவர் கையைத் தூக்கி ஐந்தாவதை வைக்க வைத்தாள். கப்பல் சாய்ந்தது. பொம்மைகள் தேக்குப் பலகையில் சடசடவென்று சிதறின.

சுப்புராஜ் கண்ணை இறுக மூடி, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டார். அடிக்குப் பயந்த பிள்ளை மாதிரி.

"கீழ விழுந்தா என்னய்யா, திரும்ப வைப்போம்," என்று சிரித்தாள் பியூலா. தினமும் இரண்டு வேளை பழகட்டும் என்று சொல்லி, கப்பலை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை போனபோது பெரியவரின் இடது கன்னத்தில் நான்கு சிவந்த கோடுகள் இருந்தன.

"கொசுவ அடிச்சுக்கிட்டாவ," என்றாள் அங்காளம்மாள்.

விரல்களைப் பார்த்துப் பார்த்தே பிழைப்பவள் பியூலா. அந்தக் கோடுகளின் நீளம் அவள் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. கேட்க வாயெடுத்தாள். அங்காளம்மாள் அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த இரண்டு வாரத்தில் நடந்ததைப் பார்த்து மருத்துவரே அசந்துபோனார். விளங்காத கை பென்சிலைப் பிடித்தது. சட்டைப் பொத்தானைப் போட்டது. இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் கை திரும்பி அவர் பார்த்ததில்லையாம். பியூலாவைப் பாராட்டினார். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும் பெரியவர் இளைத்திருந்தார். கன்னத்துச் சிவப்பு கருநீலமாகிக் கொண்டிருந்தது. அவளைக் கண்டாலே அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

நான்காவது புதன்கிழமை பியூலா தன் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு நான் தொடமாட்டேன். நீங்களே வைங்கய்யா."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். மறுத்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கை எழும்பியது.

தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. கூடவே நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாசம்.

மணிக்கட்டின் தோல் நான்கு இடங்களில் உள்ளே குழிந்திருந்தது. யாரோ பிடித்திருப்பதுபோல. சின்னச் சின்னக் குழிகள்.

கை ஒரு பொம்மையை எடுத்தது. வைத்தது. நடுக்கமே இல்லை.

இரண்டு. மூன்று. ஆறு.

பியூலா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

ஒன்பது. பத்து.

பதினொன்றாவது பொம்மையை வைக்கும் நேரத்தில் மணிக்கட்டுக் குழிகள் மறைந்தன. பிடி விட்டுவிட்டது. தன்னந்தனியே நின்ற கை உதறியது. கப்பல் கவிழ்ந்தது.

பளார்.

பெரியவரின் முகம் ஒரு பக்கமாகத் திரும்பியது. பியூலாவின் கண் முன்னால் அந்தக் கன்னத்தில் நான்கு கோடுகள் மெல்ல எழும்பின.

தரையில் கிடந்த பென்குயின்களில் ஒன்று தானாக எழுந்து நின்றது.

பியூலா வாசற்படியைப் பார்த்தாள். அங்காளம்மாள் அங்கேதான் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் துளிகூட இல்லை.

அடுப்படியில் அவள் கொடுத்த தண்ணீரை பியூலா ஒரே மூச்சில் குடித்தாள்.

"யாரும்மா அது?"

"செல்லத்தாயி," என்றாள் அங்காளம்மாள். "தளவாய்புரத்துப் பிள்ள. எம் மவன் முத்துக்குமரனப் பாத்துக்கிட கூட்டியாந்தோம். அவனுக்கு எட்டு வயசு, அவளுக்குப் பதினொண்ணு. பொழுதன்னைக்கும் ரெண்டும் அந்த மேசையிலதான். எங்க அண்ணன் சிங்கப்பூர்லருந்து மரக்கட்ட அடுக்குற வெளையாட்டு ஒண்ணு வாங்கியாந்திருந்தாவ. அவ அடுக்குனா ஆள் ஒசரத்துக்கு அடுக்குவா. அப்படி ஒரு கையி அவளுக்கு."

அடுப்பைத் துடைத்துக்கொண்டே பேசினாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"அன்னைக்கு அனுப்புன சரக்கெல்லாம் கறையாயிருக்குன்னு திரும்பி வந்துட்டு. அவிய போன்ல கத்திக்கிட்டு இருந்தாவ. அந்நேரம் பார்த்து அம்புட்டுக் கட்டையும் சரிஞ்சு விழுந்துச்சு. எந்திரிச்சு வந்து அவளுக்கு ஒரு அறை. ஒண்ணே ஒண்ணுதான். மேச முக்குல போயி விழுந்தா. எந்திரிக்கல."

"போலீஸுக்கு?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டான்னு சொன்னோம். அவிய சொல்லலம்மா. நான் சொன்னேன். அவிய வாயெடுக்கிறதுக்கு முந்தி நான் சொல்லிட்டேன்."

அடுப்புத் துணியை அலசிப் பிழிந்து காயப்போட்டாள்.

"கட்டையத் தட்டிவிட்டது எம் மவன். அவ கை படவேயில்ல. அவனுக்குத் தெரியும், அதான் அவன் இந்த வீட்டுப் பக்கம் வாறதில்ல. அவ ஆத்தாளுக்கும் தெரிஞ்சிருக்கும். அந்தப் பொம்பள பொறவும் எட்டு வருசம் நம்ம செட்டுலதான் துணி மடிச்சா. வேற எங்க போவா? சாயங்காலம் போகும்போது இந்த வாசல செத்த நேரம் பாப்பா. ஒரு வார்த்த பேசமாட்டா. நானும் பாத்துக்கிட்டு நிப்பேன்."

பியூலா எழுந்து நேராக அறைக்குள் போனாள். பொம்மைகளை அள்ளிப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தாள். அங்காளம்மாள் பின்னாலேயே வந்து கப்பலின் மேல் கையை வைத்தாள்.

"இருக்கட்டும்."

"அம்மா, ஐயா செத்துப்போவாரு."

"இருக்கட்டும்னு சொல்லுதேன்ல. முப்பது வருசமா இந்த வீட்டுல ஒருத்தரும் அவளுக்கு ஒண்ணும் செய்யல. ஒரு வெளையாட்டுதான கேக்கா. வெளையாடட்டும்."

சுப்புராஜின் வலது கை நீண்டு பியூலாவின் துப்பட்டாவைப் பற்றியது. "ப... ப..." என்று வாய் கோணியது. போகாதே என்றாரோ, காப்பாற்று என்றாரோ. அந்தக் கை இப்போது நல்ல பலமாக இருந்தது.

அவரைக் கூட்டிக்கொண்டு போக ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். கப்பலைத் தெருவில் வீசி உடைத்திருக்கலாம். மேஜை முனையில் விழுந்த பதினொரு வயதுப் பிள்ளை அவள் மனசுக்குள் வந்து நின்றது. அந்தக் கையை அவள் பார்த்தாள். அதே வலது கை.

இறுகிய கையை வலிக்காமல் விரிப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். கட்டைவிரலை முதலில் விலக்கினாள். பிறகு மற்ற விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள்.

மருத்துவமனைத் தாளில் "நல்ல முன்னேற்றம், இனி பயிற்சி தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. அவர்கள் நம்பரைப் பலமுறை எடுத்துப் பார்ப்பாள். அழுத்தமாட்டாள். வேறு நோயாளிகளின் கையைப் பிடிக்கும்போதெல்லாம் அந்தப் பிடிதான் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரும் கண்ணை மூடும்போது அவள் மட்டும் திறந்து வைத்திருந்தாள்.

நாற்பது நாள் கழித்து அங்காளம்மாளே கூப்பிட்டாள்.

"அவிய போயிச் சேந்துட்டாவ. பதினாறும் முடிஞ்சுட்டு. ஒன் சாமானெல்லாம் இங்க கெடக்கு."

போகாமலிருக்க பியூலா காரணம் தேடினாள். அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவளைப் பஸ் ஏற்றிவிட்டது.

கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் மாலை போட்ட புதுப் படம். பக்கத்தில் கட்டிவைத்த இரண்டு பெட்டிகள்.

"அம்மா?"

"இங்கதான் இருக்கேன்."

தேக்கு மேஜைக்குப் பின்னால், அவர் இருந்த நாற்காலியில் அங்காளம்மாள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் கப்பல். அதில் ஏழு பொம்மைகள். எட்டாவது அவள் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கன்னமும் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது.

"அவிய கடைசி வரைக்கும் பன்னெண்ட நிறுத்தலம்மா. பதினொண்ணு வரைக்கும் கூட்டிட்டுப் போயி விட்டுருவா."

"எந்திரிங்கம்மா. மகன்கிட்டப் போயிருங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

"அவனும் வரச் சொன்னான். பெட்டியெல்லாம் கட்டிட்டேன்." அவள் கப்பலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்திரிக்க விடமாட்டேங்கா. நான் வேடிக்க பாத்தவதான? அவிய அறைஞ்சாவ. நான் பொய்யச் சொல்லி அவள ரெண்டாவது தரம் கொன்னேன்."

பியூலா அவள் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். எலும்பும் தோலுமான உடம்பு நாற்காலியோடு சேர்த்து ஆணி அறைந்ததுபோல அசையவில்லை. தன் கைக்கு மேலே குளிர்ந்த, சின்ன உள்ளங்கை ஒன்று வந்து படிவதை பியூலா உணர்ந்தாள். அது அவள் கட்டைவிரலை விலக்கியது. பிறகு மற்ற விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. வலிக்காமல்.

"போ தாயி," என்றாள் அங்காளம்மாள். "அவ சொல்லும்போதே போயிரு."

பியூலா ஓடினாள். செருப்பைக்கூட மாட்டவில்லை. கேட்டைத் தாண்டியபோது தெருவில் கரண்ட் போய், எல்லாத் தறிகளும் ஒரே நேரத்தில் நின்றன. அந்த அமைதியில் வீட்டுக்குள்ளிருந்து பொம்மைகள் சரியும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

பளார்.

பிறகு ஒரு சிறுபெண்ணின் குரல். வீட்டுக்காரம்மாவிடம் பேசுகிற அடக்கத்தோடு, கெஞ்சுவது போல.

"திரும்ப வைங்கம்மா."