நீலமலையில் பாதிச் சுற்று

வேங்கிக்காலில் அப்சலின் கடை மாடிக்கு ஷோயப் ஏறியபோது மதிய வெயில் மண்டையைப் பிளந்தது. கையில் ஹெல்மெட், மனசுக்குள் கோபம். இன்றைக்கு அப்சலைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் இறங்குவதில்லை என்ற முடிவோடுதான் வந்திருந்தான்.

கீழே ஜெராக்ஸ் கடை. மேலே மூன்று பழைய கம்ப்யூட்டர். காலேஜ் நாளில் ஷோயப், அப்சல், கோபி மூவரும் இங்கேதான் 'நீலமலை' என்ற ஆன்லைன் விளையாட்டே கதியென்று கிடந்தார்கள். அதில் சண்டை போட்டதைவிட அரட்டை அடித்ததுதான் ஜாஸ்தி. முகம் தெரியாத மலேசியாக்காரன் ஒருத்தன் "சாப்ட்டாச்சா?" என்று தினமும் கேட்பான். யாருக்காவது நெட் இழுத்தடித்தால் மற்றவர்களின் விளையாட்டு உருவங்கள் திரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து காத்திருக்கும். திருவண்ணாமலைக்காரன் புத்தி எங்கே போகும்? பவுர்ணமி வந்தால் பூட்ஸைக் கழற்றிவிட்டு அந்த விளையாட்டு மலையையும் வலம் வரணும் என்று கோபி சட்டம் போட்டிருந்தான். குழுவில் சேர்ந்தவன் பாதியில் விலகக் கூடாது. அதெல்லாம் ஒரு காலம்!

கம்பெனி அந்த விளையாட்டை மூடிவிட்டது. கோபியும் செங்கம் ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான். போன மாசம் அப்சல் எங்கேயோ தேடிப் பிடித்து, இந்த அறைக்குள் மட்டும் ஓடுகிற மாதிரி நீலமலையைத் திரும்ப எழுப்பினான். அன்றைக்கே கோபியின் உருவம், அதே பச்சை முண்டாசோடு, மலையடியில் வந்து நின்றதாம்.

விஷயம் கோபியின் அம்மா ஜோதியம்மாள் காதுக்குப் போயிற்று. அப்புறமென்ன, தினமும் வந்து திரை முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். சோறில்லை, தண்ணியில்லை.

"யாரோ ஏமாத்தறாங்கண்ணா. இப்படியே போனா அம்மா எங்களுக்கு இல்ல," என்று மகள் ஓவியா போனில் அழுதாள்.

யாரோ என்ன யாரோ? அப்சலைத் தவிர இது யார் வேலை?

ஜோதியம்மாள் துரும்பாக இளைத்திருந்தாள். "வாப்பா ஷோயப். கோபி நிக்கறான் பாரு."

யாராவது ஒருத்தர் உள்ளே போனால்தான் மலை தெரியும் என்பதால், அவள் பார்ப்பதற்காக ஷோயப்பின் பழைய உருவத்தை அப்சல் திறந்து வைத்திருந்தான். எதிரே பச்சை முண்டாசு.

"அப்சல், கையத் தூக்குடா," என்றான் ஷோயப்.

"அல்லா மேல ஆணையா நான் இல்லடா." அப்சல் இரண்டு கையையும் தூக்கினான்.

ஷோயப் மற்ற இரண்டு கம்ப்யூட்டரின் ஒயரையும் பிடுங்கி எறிந்தான்.

பச்சை முண்டாசு மெல்லத் திரும்பியது.

எரிந்த டயர் வாசனை வந்தது.

திரையில் ஒரு கட்டம் முளைத்தது. "என்னப்பா கேக்கறான்?" என்றாள் ஜோதியம்மாள்.

"குழுவுல சேர வரியான்னு கேக்கறாம்மா."

"வரேன்னு சொல்லு."

"வேணாம்டா," அப்சல் முணுமுணுத்தான்.

வேண்டாமாம்! ஷோயப்பின் சந்தேகத்துக்கு அது போதாதா? குழுவில் சேர்ந்தால் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அது எந்தக் கம்ப்யூட்டர் என்று காட்டும். திருடன் மாட்டியே ஆகணும். பட்டனை அழுத்தினான்.

ஷோயப், ஒன்றாவது கம்ப்யூட்டர்.

கோபி. பக்கத்தில் வெற்றிடம்.

கீழே இன்னொரு பெயர். ஜோதியம்மாள்.

அப்சல் அலறிக்கொண்டு மெயின் சுவிட்சை அணைத்தான். இருண்ட திரையையே பார்த்தபடி ஜோதியம்மாள் எழுந்தாள். "நடக்க ஆரம்பிச்சான். பாதியில விட்டுட்டீங்களே," என்று சொல்லிவிட்டு அமைதியாக வீட்டுக்குப் போனாள்.

பொழுது சாயும்போது ஓவியா கூப்பிட்டாள். "அண்ணா, அம்மா வயிறார சாப்ட்டாங்க. அப்புறம் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு எங்கியோ கெளம்பிட்டாங்க!"

எங்கே என்று ஷோயப்புக்குச் சொல்லவா வேணும்? பைக்கை முறுக்கினான். அடி அண்ணாமலை தாண்டி, கிரிவலப் பாதையில் அவள் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள். வண்டியை ஓரம் போட்டுவிட்டு ஓடி, கூடவே நடந்தான்.

"அம்மா, நில்லுங்கம்மா. வீட்டுக்குப் போலாம்."

"கோபி முன்னாடி போறாம்பா."

"உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன், நில்லுங்க."

அவள் சிரித்தாள். "நீ நில்லு, நானும் நிக்கறேன்."

ஷோயப் நிற்கப் பார்த்தான்.

கால் நிற்கவில்லை.

குனிந்தான். வண்டியிலிருந்து இறங்கும்போது போட்டிருந்த ஷூவைக் காணோம்.

முன்னால், இருட்டத் தொடங்கிய பாதையோரம், ஒரு பச்சை முண்டாசு மரத்தடியில் உட்கார்ந்து அவர்களுக்காகக் காத்திருந்தது.