நகப்பூச்சு இட்ட பற்சக்கரங்கள்

சூடு கண்ட பூனைக்கு அடுப்பைக் கண்டாலே அச்சம். பெமாவுக்கோ மெக்கானிக் என்றாலே ஐயம். சென்ற ஆண்டு அவளுடைய வேனைப் பழுது பார்த்தவன், கியர்பாக்ஸில் இருந்த நல்ல பற்சக்கரத்தை உருவிக்கொண்டு, தேய்ந்த ஒன்றைப் பொருத்தி அனுப்பிவிட்டான். வண்டி நடுவழியில் நின்றது. ஏற்றி வந்த தக்காளி முழுதும் வெயிலில் அழுகியது.

ஆகவே, குமாசி நகரத்துப் பட்டறைத் தெருவில் அடுசெய் என்னும் புதிய மெக்கானிக்கிடம் வந்து நின்றபோதே அவள் முகத்தில் போர்க்களை தெரிந்தது.

அவன் வண்டியைத் தொடவில்லை. கியரில் போடாமல் என்ஜினை ஓடவிடச் சொல்லிவிட்டு, கண்களை மூடிக்கொண்டான். உர்ர்... என்று ஓர் அரைச்சல். கிளட்சை மிதிக்கச் சொன்னான், அரைச்சல் அடங்கியது. காலை எடுத்ததும் மீண்டும் உர்ர்...

"கியர்பாக்ஸுக்குள்ள, முன்தண்டு சுத்துற பேரிங் தேஞ்சு போயிருக்கு மேடம். வேற ஒண்ணுமில்ல."

"கண்ணை மூடிக்கிட்டே சொல்றீங்களே மாஸ்டர்... சாமி வந்துடுச்சா?"

"தொறந்து வச்சா கவனம் சிதறுது மேடம்."

அப்போதுதான் அவன் கண்களைத் திறந்தான். மழைக்கு முந்திய வானத்தைப் போன்ற கண்கள்... அவள் சட்டென்று வேறுபக்கம் திரும்பினாள்.

கியர்பாக்ஸைப் பிரிக்கும்போது வண்டிக்காரர் எதிரே அமர்ந்து காவல் இருப்பது அத்தெருவின் வழக்கம். அதை யாரும் அவமதிப்பாக எண்ணுவதில்லை. பெமா ஒரு படி மேலே போனாள். கழன்று வந்த ஒவ்வொரு பற்சக்கரத்திலும் தன் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தாள். அவனோ தடுக்காமல், எண்ணெயைத் துடைத்து, பொட்டு வைக்க வசதியாக ஒவ்வொன்றாக நீட்டினான்.

பொரித்த வாழைப்பழமும் வேர்க்கடலையும் வாங்கி வந்து, பாதியை அவள் பக்கம் நகர்த்தினான். திருடும் கைகளா என்று பார்க்கத் தொடங்கியவள், எப்போது அந்தக் கைகளையே பார்க்கத் தொடங்கினாள் என்பது அவளுக்கே தெரியவில்லை...

புதிய பேரிங் பொருத்தியாயிற்று. பற்சக்கரங்களை மாட்டுவதுதான் பாக்கி. அவனோ ஒரு சக்கரத்தை மண்ணெண்ணெயில் கழுவி வைத்தான். சற்றுப் பொறுத்து அதையே எடுத்து மீண்டும் கழுவினான். பிறகு மீண்டும்.

பழைய காயம் விழித்துக்கொண்டது.

"அதையே ஏன் விடாம கழுவுறீங்க? என் பொட்டை அழிச்சுட்டு வேறதை மாட்டவா?"

பக்கத்துப் பட்டறைகளில் சுத்தியல் ஓசை நின்றது. அடுசெய்யின் முகம் கறுத்தது. எல்லாச் சக்கரங்களையும் சாக்கில் பரப்பிக் காட்டினான். ஒரு பொட்டும் அழிந்திருக்கவில்லை.

மன்னிப்பு அவளுடைய தொண்டை வரை வந்தது. கர்வம் அதை வழிமறித்தது. அவன் தலை நிமிராமல் வேலையை முடித்துக் கொடுத்தான். அவளும் புறப்பட்டுவிட்டாள்.

வண்டி அரைச்சலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. மழை பிடித்துக்கொண்டது. திரும்பிப் போகக் காரணம் சொல்வதற்கு ஒரு சத்தம்கூட மிச்சமில்லையே என்று எண்ணியபோது, அவளுக்கு அழுகை வந்தது. இப்போது போய்விட்டால் இனி எந்த முகத்தோடு வருவது? சந்திப்பில் வண்டியைத் திருப்பினாள்.

பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே அவன் தனியே நின்றிருந்தான்.

"மறுபடியும் சத்தமா மேடம்?"

"இல்ல..." நனைந்தபடியே நின்றாள். "அத்தனை பேர் முன்னாடி உங்களைத் திருடனாக்கிட்டேன். தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

அவன் மழையைப் பார்த்தபடி சொன்னான்.

"நீங்க சந்தேகப்பட்டதுல பாதி நெசம். அந்தச் சக்கரம் முதல் தடவையே சுத்தமாயிடுச்சு. மாட்டிட்டா... நீங்க எழுந்து போயிடுவீங்களேன்னுதான் கழுவிக்கிட்டே இருந்தேன்."

மழை அவள் இமைகளில் நின்றது. முதன்முறையாக அவனைப் பெயர் சொல்லி அழைத்தாள்.

"சொல்லியிருந்தா, சும்மாவே உக்காந்திருப்பேனே... அடுசெய்."