அறுத்தெறிந்த தொட்டில்

பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுக்கும் அந்த இடம் ஒரு பழைய காரை வீடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கலைச்செல்விக்குக் குமட்டியது. இரண்டாம் மாதம். பல் துலக்கினாலும் குமட்டல், தாளிக்கிற வாடை வந்தாலும் குமட்டல். அதிலும் அவளுக்கு ஒரு சந்தோஷம். போன வருஷம் இதே குமட்டல் ஒருநாள் சட்டென்று நின்றது. அப்பாடா என்று வயிறு நிறையச் சாப்பிட்டாள். மறுநாளே பிள்ளை கலைந்துபோனது. பாவி மகள், அந்தச் சாப்பாட்டை இன்னும் மறக்கவில்லை.

கணவன் முத்துமாலை வெளியே உட்கார்ந்தான். அவள் மட்டும் உள்ளே போனாள்.

"வாந்தி, அசதி, மாருவலி எல்லாம் இருக்கத்தான் செய்யும்," என்றார் டாக்டரம்மா, வயிற்றில் பசையைத் தடவியபடி. "இந்தா பாருங்க, அவரை விதை கணக்கா இருக்குல்லா? நடுவுல மினுங்குதது இருதயம்."

"சத்தம் கேக்கலாமா டாக்டர்?"

டக்டக்கென்று குதிரை ஓடுகிற வேகத்தில் கேட்டது. கலைச்செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தத் துடிப்புக்குப் பின்னால் யாரோ பாடினார்கள்.

பெண்குரல். தொண்டைக்குள் தண்ணீர் புகுந்த குரல். "ஆராரோ... ஆரிரரோ..."

"யாரு டாக்டர் பாடுதா?"

"யாரும் பாடலையேம்மா." அவர் இயந்திரத்தை நிறுத்தினார். துடிப்பு நின்றது.

பாட்டு நிற்கவில்லை. அறையில் ஆற்றுப்பாசி வாடை அடித்தது.

வெளியே ஓடிவந்தவளைப் பார்த்து முத்துமாலை சிரித்தான். "இங்கன இருந்த அக்காவப் பாத்தியாட்டி? பிள்ள நல்லாருக்கான்னு ஒன்னையத்தான் கேட்டா."

அவன் பக்கத்து நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கலைச்செல்வி அந்த ஈரத்தையே பார்த்தாள். "ஏங்க," என்று அவன் காதோடு சொன்னாள், "அந்தச் செவப்புத் தொட்டில்..."

அவன் சிரிப்பு அப்படியே செத்தது.

ஏரல் பக்கம், ஆற்றங்கரை இசக்கியம்மன் கோயில் ஆலமரத்தில் பிள்ளை கேட்டுத் தொட்டில் கட்டுவார்கள். பிள்ளை பிறந்ததும், கட்டியவளே வந்து அவிழ்க்க வேண்டும். வேறு கை படக்கூடாது. முதல் பிள்ளை கலைந்த பிறகு இவர்கள் போன அன்று தாழ்ந்த கொப்பில் இடமில்லை. முத்துமாலை நைந்துபோன ஒரு சிவப்புத் தொட்டிலைக் கத்தியால் அறுத்தான். "கட்டுனவளுக்கு இந்நேரம் பேரனே பொறந்திருப்பான்," என்று கேலி பேசி ஆற்றில் எறிந்தான். அந்த இடத்தில் தங்கள் மஞ்சள் தொட்டிலைக் கட்டினார்கள். பிள்ளை பிறந்திருந்தால் அவளே வந்து அவிழ்த்திருப்பாளே! அது அந்த மடையனுக்கு உறைக்கவில்லை. தடுக்காமல் நின்றாளே, இவளை என்ன சொல்ல?

புதுச் சிவப்புத் துணி வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தார்கள். மன்னிப்புக் கேட்டுக் கட்டிவிட்டால் தாயி பொறுத்துக்கொள்வாள் என்று வழிநெடுக அவன் சொல்லிக்கொண்டே வந்தான். அவள் அடிவயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

போய்ச் சேரும்போது உச்சிவெயில். ஆற்றங்கரையில் ஈ காக்கை இல்லை.

"பைய வாட்டி, வேர் தடுக்கும்."

மஞ்சள் தொட்டில் மண்ணில் கிடந்தது. கயிறு அறுந்திருந்தது.

அது இருந்த கொப்பில் அந்தச் சிவப்புத் தொட்டில் தொங்கியது. ஆற்றோடு போன அதே தொட்டில். நீர் சொட்டச் சொட்ட, புது முடிச்சோடு.

காற்றே இல்லை. அது ஆடியது. உள்ளே பாரம் இருப்பதுபோல் துணி தொய்ந்திருந்தது.

"ஆராரோ..."

கோயில் விளக்கின் எண்ணெய்க் கசடு வாடை மூக்கில் ஏறியது. காலையில் என்றால் இதற்கே குடலைப் புரட்டியிருக்கும். கலைச்செல்வி மூச்சை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்தாள்.

"ஏங்க..." அவள் அவன் தோளைப் பற்றினாள். "எனக்குக் கொமட்டலையே."

பாட்டு நின்றது.

அந்த அமைதியில், தொட்டிலுக்குள்ளிருந்து கேட்டது. டக்டக், டக்டக். குதிரை ஓடுகிற வேகத்தில்.