வாசலில் வைத்த சக்கர நாற்காலி

சனிக்கிழமை காலை 10.20. கணக்கு வாத்தியார் வீட்டுப் பச்சைக் கேட்டைத் திறந்து உள்ளே வந்த தையல்காரம்மா மாடிப்படிக்குக் கீழே பார்த்தாள். நாற்காலியைக் காணோம். படிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு வாளிதான் இருந்தது.

10.26-க்கு அவளுடைய செய்தி, வேண்டாத பொருளை இலவசமாகக் கொடுக்கும் மறுபயன்பாட்டு வாட்ஸ்அப் குழுவில் விழுந்தது. “வாத்தியார் சார் வெச்ச வீல்சேரக் காணோம். அப்பா சட்டை மாத்திக்கிட்டு உக்காந்திருக்காரு.”

அப்பா, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பக்கவாதம் வந்ததிலிருந்து ஐந்து மாதமாக வாசலைத் தாண்டவில்லை.

குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மூன்று வருடமாக அதை நடத்துபவர் நூலகர் அம்மா. விதிகள் மூன்றே மூன்று: உடைந்ததைக் கொடுக்காதே, விலை பேசாதே, முதலில் கேட்டவருக்கே பொருள்.

10.31-க்கு ஒருவர் எழுதினார்: “காலையில அந்தத் தெருவுல இரும்பண்ணன் வண்டி நின்னுச்சு. நான் வேற ஒண்ணும் சொல்லல.”

இரும்பண்ணன் பழைய சாமான் கடைக்காரர். அடுத்த பத்து நிமிடத்தில் பதினேழு பேர், வேறொன்றும் சொல்லாமலே நிறையச் சொல்லிவிட்டார்கள். நூலகருக்கு அவரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது: “எதிர்வீட்டுல பழைய ஃப்ரிட்ஜ் எடுக்கப் போனேன்மா. நான் குழுவ விட்டே போயிடறேன்.”

“சாயங்காலம் வரைக்கும் பொறுங்கண்ணே” என்று பதில் போட்டுவிட்டு, குழுவில் யார் பெயரையும் இழுக்க வேண்டாம் என்றும் எழுதிவிட்டு, நூலகர் கிளம்பினார்.

11.15. கணக்கு வாத்தியார் வீடு. நாற்காலி அவருடைய மறைந்த மனைவியுடையது.

“எத்தனை மணிக்கு வெளிய வெச்சீங்க சார்?”

“எட்டரைக்கு. குளிச்சு, பூட்டிட்டு, பத்து மணிக்கு டாக்டர்கிட்டப் போயிட்டேன்.”

“நீங்க போகும்போது இருந்துச்சா?”

வாத்தியார் யோசித்தார். “பாக்கலம்மா. பாக்க வேணாம்னுதான் நேராப் போனேன்.”

“காலையில யார் யார் வந்தாங்க?”

“யாரும் இல்ல. வழக்கமா வர்றதுதான். ஆறு மணிக்குப் பால். ஒன்பதரைக்கு பேக்கரி வேன். பையில ரொட்டியப் போட்டுட்டுப் போயிடுவாங்க.”

“நாற்காலி நல்லா ஓடுமா?”

“வலது சக்கரத்துல காத்து நிக்காது. டியூப் மாத்தணும். அந்தப் பொண்ணுகிட்டத் தனியாச் சொல்லிட்டேன். குழுவுல போடல.”

வெள்ளிக்கிழமை மாலை அவர் போட்ட படத்தை நூலகர் மறுபடி திறந்தார். நாற்காலிக்குப் பின்னால் பச்சைக் கேட்டின் ஒரு பாதி தெரிந்தது. தெருவைத் தெரிந்தவருக்கு முகவரி எதற்கு?

மதியம் 2.00. நூலகத்தில் சாப்பாட்டு நேரம். அன்றைய செய்திகளை முதலிலிருந்து படித்தார். ஒருவர் குக்கர் மூடி கேட்டிருந்தார். ஒருவர் மீன் தொட்டி இரண்டு தருவதாகச் சொல்லியிருந்தார். 12.10-க்கு பேக்கரிக்காரர்: “பாப்பா சைக்கிளுக்கு 24 அங்குல டியூப் இருக்கா?” அதற்குக் கீழே ஒரு பாட்டியம்மா: “எம்பேரன் சைக்கிள்தானே வெச்சிருக்கா? பக்கத்துல இருக்கற குட்டிச் சக்கரம் ரெண்டும் நல்லாருக்கா?” பேக்கரிக்காரர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்.

2.40. நூலகர் இரும்பண்ணன் கடையில் நின்றார். “இந்தப் படத்துல பின்சக்கரம் என்ன அளவுண்ணே?”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். “இருபத்துநாலு. சைக்கிள் டியூப்பே போடலாம்.”

4.05. பேக்கரியின் பின்கட்டு. அடுப்பு அணைந்திருந்தது. தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் நிமிர்ந்தார்.

“பாப்பாவுக்கு என்ன வயசு தம்பி?”

“நாலுக்கா.”

“இருபத்துநாலு அங்குல சைக்கிள்ல ஏற அவளுக்கு ஏணி வேணும். பக்கத்துல குட்டிச் சக்கரம் வெச்ச சைக்கிளுக்கு அந்த டியூப் சேராது. வாத்தியார் வீட்டு நாற்காலிக்குச் சேரும். அந்தச் சக்கரத்துல காத்து நிக்காதுன்னு ரெண்டு பேருக்குத்தான் தெரியும். எடுத்துட்டுப் போனவருக்கு மூணாவதாத் தெரிஞ்சிருக்கும். ஒன்பதரைக்கு அங்க நின்ன வேன்ல மடிச்சு ஏத்தலாம். விக்கறவருக்கு டியூப் எதுக்கு? யாரையோ உக்கார வைக்கத்தான் எடுத்திருக்கீங்க. யாரை?”

அவர் துணியைக் கீழே வைத்தார்.

“அம்மாவ. இடுப்பெலும்பு உடைஞ்சிருச்சு. திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பறாங்க. நேத்து நானும் குழுவுல கேட்டேனேக்கா. தையல்காரம்மா கேட்டது 7.02, நான் 7.06. மாவுல கை வெச்சிருந்தேன். கழுவிட்டு ஃபோன எடுக்கறதுக்குள்ள போச்சு.”

“அம்மாவுக்குன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே?”

“எழுதினா? முதல்ல கேட்டவங்களுக்குன்னுதானே போட்டிருக்கீங்க.”

அந்த விதியை எழுதிய நாளில், சண்டை வராமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று நூலகர் நினைத்திருந்தார். கை சும்மா இருப்பவருக்கே எல்லாம் போய்ச் சேரும் என்று நினைக்கவில்லை.

“விதி என்னோட தப்பு. திருட்டு உங்களோடது. இரும்பண்ணனைத் திட்டும்போது சும்மா இருந்தீங்களே, அதுவும் உங்களோடதுதான்.”

5.30-க்குப் புது டியூப் போட்ட நாற்காலி டிரைவர் வீட்டுக்கு வேனில் போய் இறங்கியது. 6.05-க்கு பேக்கரிக்காரர் நடந்ததைத் தானே குழுவில் எழுதி, இரும்பண்ணனிடம் மன்னிப்புக் கேட்டார். ஒன்பது பேர் குழுவை விட்டு விலகினார்கள். இரும்பண்ணன் விலகவில்லை. அந்தப் பதினேழு பேரில் பதினொரு பேர் அவரிடம் மன்னிப்புக் கேட்டதை எண்ணி வைத்திருந்தார். மிச்சம் ஆறு பேரையும் எண்ணி வைத்திருந்தார்.

நூலகர் மூன்றாவது விதியை எடுத்துவிட்டு எழுதினார்: “எதுக்கு வேணும்னு ஒரு வரி சொல்லுங்க. ஒரு நாள் பொறுத்து முடிவு பண்ணுவோம்.” ஞாயிறு மதியம் பேக்கரிக்காரர் அந்த ஒரு வரியை எழுதினார். இயன்முறை மருத்துவர் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒரு நாற்காலியை இரவல் தந்தார்.

அதே நேரம் தையல்காரம்மா அப்பாவைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனாள். பஸ் ஒன்று திரும்பிப் போனது. அது மறையும்வரை டிரைவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னப்பா?”

“கிளட்ச்ச முழுசா மிதிக்காமக் கியர் போடறான்” என்றார். “இங்கயே நிறுத்து. அடுத்தவன் எப்படி ஓட்டறான்னு பாப்போம்.”