மூன்றாவது அழைப்பு

"குடுத்தா குடுங்க, இல்லேன்னா விடுங்க அண்ணி. பின்னால அம்பது வண்டி நிக்குது."

"சும்மா இரு ஷஹ்லா. அந்த மனுஷன் பனியில படுத்துப் புரண்டு சங்கிலி மாட்டியிருக்கான். வெடுக்குன்னு காசை நீட்டிட்டுப் போயிட முடியுமா?"

"அவன் அம்மாவோட மூட்டுவலி வரைக்கும் விசாரிச்சாச்சு," என்றான் ஷஹ்லாவின் கணவன் பெஹ்ரூஸ், ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு. "அக்கா, கண்ணாடிய ஏத்து. என் காது கழண்டு மடியில விழப்போகுது."

கணவாய் தொடங்கும் இடத்தில் டயர்களுக்குப் பனிச்சங்கிலி மாட்டிவிட்டவன் கூலி வேண்டாம் என்றிருந்தான். நிஜமாகவா வேண்டாம் என்பான்? டெஹ்ரானில் ரொட்டிக் கடைக்காரன்கூட அப்படித்தான் சொல்வான். முதல் இரண்டு மறுப்பும் மரியாதைக்கு. மூன்றாவது தடவை கேட்டு வரும் பதில்தான் பதில். நாங்களெல்லாம் இதை அரை நிமிடத்தில் முடித்துவிடுவோம். தூரானுக்குப் பத்து நிமிடமாவது வேண்டும்.

பெஹ்ரூஸின் அக்கா தூரான் உபசாரத்துக்கு எங்கள் தெருவிலேயே பேர்போனவள். அடுத்த வீடான எங்கள் வீட்டுக்கு வந்தால் ஓர் ஆரஞ்சுச் சுளையை அவள் வாயில் வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். முன்பு வந்த இரண்டு வரன்களுக்கும் வழக்கப்படி வேண்டாம் என்றாளாம். அவர்கள் மூன்றாவது தடவை கேட்காமல் எழுந்து போய்விட்டார்களாம். தெருவில் அப்படி ஒரு பேச்சு. கிளப்பிவிட்டது நான்தான். நாற்பத்தொரு வயதில் இப்போது மலைக்கு அந்தப் பக்கம் சாரி என்ற ஊரிலிருந்து ஒரு வரன் அமைந்திருந்தது. மருந்துக்கடைக்காரர், மனைவியை இழந்தவர். அன்று மாலை நிச்சயம். இதுவும் தவறினால் தூரான் ஆயுளுக்கும் தன் வீட்டில்தான் என்பது ஷஹ்லாவுக்குத் தெரியும்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பியவர்கள். மணி மூன்றாகியும் பாதி வழி தாண்டவில்லை. முன்சீட்டில் கண்ணாடித்தாள் சுற்றிய நிச்சயத் தட்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. பின்னால் ஒரு ஓரத்தில் ஷஹ்லா, நடுவில் ஆறு வயது மகள் நெகார், மறு ஓரத்தில் பச்சைத் தலைத்துண்டும் கோட்டும் கையுறையுமாகத் தூரான். ஹீட்டரின் சூடு முழங்காலுக்கு மேல் வரவில்லை. காருக்குள் ஆரஞ்சுத் தோலும் ஈரக் காலுறையும் நாறின. வழியெல்லாம் தூரான் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே வந்தாள். டிக், டிக் என்ற அந்தச் சத்தத்தில் ஷஹ்லாவுக்குப் பல் கூசியது.

வரிசை மறுபடி நின்றது. வெளியே வானம், மலை, சாலை எல்லாம் ஒரே வெள்ளை. அந்த வெள்ளையில், தூரானின் கண்ணாடிக்கு அருகே, தலையோடு கால் போர்த்திய கறுப்புச் சாதரில் ஒருத்தி நின்றாள். தலையிலும் தோளிலும் ஒரு சாண் பனி. கூரைமேல் கிடப்பதுபோல அசையாமல் கிடந்தது. மனுஷியாக இருந்தால் தட்டிவிட்டிருப்பாளே என்று ஷஹ்லாவுக்குத் தோன்றியது. அதற்குள் தூரான் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

"ஏறிக்கோங்கம்மா. போற வழியில விட்டுடுறோம்."

"வேண்டாம்மா, உங்களுக்குத் தொந்தரவு."

"தொந்தரவா? இது உங்க வண்டி மாதிரி."

"இடமே இல்லையேம்மா. நீங்க போங்க."

ஷஹ்லா நாத்தனாரின் முழங்கையைக் கிள்ளினாள். அது போதாதா? இரண்டோடு நிறுத்தக்கூடாதா?

"அதெப்படி," என்றாள் தூரான், நெஞ்சில் கை வைத்து. "நான் இறங்கி என் இடத்தைக் குடுக்குறேன். நீங்க உக்காருங்க."

கறுப்புச் சாதர்க்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி," என்றாள்.

அந்த இடத்தில் சரி என்று சொல்லும் ஆளை ஷஹ்லா வாழ்நாளில் பார்த்ததில்லை. தூரானும் பார்த்ததில்லை, வாய் திறந்தபடி இருந்தாள். நல்லவேளை, வரிசை நகர்ந்தது. பெஹ்ரூஸ் விட்டால் போதும் என்று வண்டியைக் கிளப்பினான். ஷஹ்லா திரும்பிப் பார்த்தாள். சாலையோரம் வெறும் பனி. காலடித் தடம்கூட இல்லை.

"போயிட்டாங்க பாவம்," என்றாள் தூரான். குரல் இறங்கியிருந்தது.

"பாவமா? நெசமாவே ஏறியிருந்தா எங்க உக்கார வச்சிருப்பீங்க, நிச்சயத் தட்டு மேலயா?"

தூரான் விதைப் பையில் கையை விட்டாள். டிக், டிக்.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு வாடை வந்தது. நனைந்த கம்பளியை மூட்டையாகக் கட்டிப் பல வருஷம் பூட்டிவைத்துத் திறந்தால் வருமே, அந்த வாடை. பின்கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு மூச்சுப்புகை படர்ந்து, சுருங்கி, மறுபடி படர்ந்தது. அந்தப் பக்கம் முகம் வைத்திருந்தவர் யாருமில்லை. நெகார் தாயின் மேல் சாய்ந்தாள்.

"தள்ளிக்கம்மா. இடிக்கிறாங்க."

"அத்தையா?"

"அத்தை இல்ல. அத்தைக்கும் எனக்கும் நடுவுல."

"பெஹ்ரூஸ், வண்டிய நிறுத்து," என்றாள் ஷஹ்லா.

"இங்கயா? பின்னால லாரிக்காரன் வரான், கண்ணு தெரியலையா? உங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

சுரங்கம் வந்தது. உள்ளே விளக்குகள் எரியவில்லை. முன்வண்டியின் சிவப்பு வெளிச்சம் மட்டும். பனியில்லாத தரையில் சங்கிலிகள் அரைபட்டன. டிக், டிக். கால்மாட்டில் குளிர் புகுந்தது, கதவைத் திறந்ததுபோல. கதவுச் சத்தம் கேட்கவில்லை. டிக்.

அப்புறம் கேட்கவில்லை.

வெளிச்சம் வந்தபோது தூரான் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அதே பச்சைத் துண்டு தலையில். அதே கையுறை. இமைகளில் மட்டும் பனித்துகள். ஹீட்டர் ஓடும் காருக்குள், உருகாமல்.

வரிசை நின்றது. பெஹ்ரூஸ் பழைய கேசட் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு முன்கண்ணாடிப் பனியைச் சுரண்ட இறங்கினான். ஷஹ்லா பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினாள்.

"அண்ணி, டீ..."

சொல் முடியவில்லை. கை நீண்டுவிட்டது. வேண்டாம் ஷஹ்லா ஜான், முதலில் நீ குடி, குழந்தைக்குக் கொடு என்று தூரான் வழக்கமாகச் சொல்வது ஒன்றும் இல்லை. கொதிக்கும் தேநீரை ஊதாமல் ஒரே மடக்கில் குடித்துக் கோப்பையைத் திருப்பித் தந்தது.

"இன்னும் ஊத்து," என்றது.

ஷஹ்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே தூரான் நின்றிருந்தாள்.

கோட்டு இல்லை. பச்சைத் துண்டின்மேல் பனி. உதடு நீலம். நெஞ்சில் கை வைத்து, விருந்தாளியைப் பார்ப்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஷஹ்லா கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணி. ஏறுங்க."

"வேணாம் ஷஹ்லா ஜான். உங்களுக்கு நெருக்கடி."

"விளையாடாதீங்க அண்ணி. ஏறுங்க."

"இடம் எங்க இருக்கு? குழந்தை நசுங்கும். நீங்க போங்க, நேரமாகுது."

உதடுகள்தான் அப்படிச் சொல்லின. கண்கள் கதவின் கைப்பிடியைப் பார்த்தன. ஷஹ்லாவைப் பார்த்தன. கைப்பிடியைப் பார்த்தன.

இன்னும் ஒரு தடவை. ஒரே ஒரு தடவை.

"கேளேன்," என்றது பக்கத்திலிருந்த குரல், மெதுவாக, பிரியமாக. "மூணாவது தடவை கேட்டா வந்துடுவா. எடம்தான் வேணும். நான் இறங்க மாட்டேன்." கையுறை நெகாரின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தது. "நீ இறங்குறியா? இல்ல, இவளா?"

ஷஹ்லா வாயைத் திறந்தாள். கேட்காமல் மூடிக்கொண்டு மகளை மடிக்கு இழுத்தாள். பின்னால் லாரி ஹாரன். பெஹ்ரூஸ் ஏறிக் கதவை அறைந்தான்.

"யார்கூடப் பேசுற? கண்ணாடிய ஏத்து."

ஏற்றினாள்.

சாரியில் நிச்சயம் நேரங்கழித்தென்றாலும் நன்றாகவே நடந்தது. சம்மதமா என்று கேட்டு முடிப்பதற்குள் பெண் சரி என்றாளாம். வசந்தத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாருக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. சுற்றி வளைக்கத் தெரியாத பெண் என்கிறார்கள். கல்யாணத்தில் நான் இனிப்புத் தட்டை நீட்டும் முன்பே கை வந்துவிட்டது. குளிர்ந்த கை.

அந்தக் கோடையிலேயே ஷஹ்லா குடும்பம் அஹ்வாஸுக்குக் குடிபோய்விட்டது. வெயிலில் வெந்து சாகிறோம் என்று பெஹ்ரூஸ் போனில் புலம்புகிறான். அங்கே பனி விழாது, அதுதான் காரணம். லாரியில் சாமான் ஏற்றிய அன்று அடுக்களையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஷஹ்லா இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். அவள் விட்டுப்போகும் பீங்கான் தட்டுகளில் ஒரு கண் வைத்தபடி பாதிக் காதோடு கேட்டேன்.

போன குளிர்காலத்தில் மருமகன் எங்களை அந்தக் கணவாய் வழியாக ஓட்டிப்போனான். முன்சீட்டில் மாசமாக இருந்த என் மகள். பின்சீட்டில் நான் மட்டும். பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. சுரங்கம் தாண்டியதும் வரிசை நின்றது. சாலையோரம் பச்சைத் துண்டு.

இரண்டு தடவை கேட்டேன். அவள் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள். மூன்றாவது தடவை கேட்காமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். வண்டி நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். தலையிலும் தோளிலும் ஒரு சாண் பனி. அவள் அதைத் தட்டிவிடவில்லை.