புருவம் பார்த்துப் படித்தவன்

பள்ளி நூலகத்தில் இரண்டு அலமாரிகள் இருந்தன. சிவப்பு அலமாரியில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் புத்தகங்கள். பக்கத்துக்கு ஒரு வரி, சின்னச் சின்னச் சொற்கள். நீல அலமாரியில் கதைப் புத்தகங்கள். ஒரு பக்கத்தை நூலக ஆசிரியைக்குப் புரியும்படி படித்துக் காட்டினால்தான் நீல அட்டை கிடைக்கும்.

தம்பிக்கு ஏழு வயது. சிவப்புப் புத்தகங்கள் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவன் கண் நீல அலமாரியில் இருந்த ஒரு கப்பல் கதைமேல் இருந்தது. இரண்டு முறை படித்துக் காட்டப் போனான். இரண்டு முறையும் நாலாவது வரியில் நின்றுவிட்டான். வெள்ளிக்கிழமை கடைசி வாய்ப்பு. அன்றும் நின்றால், இந்த ஆண்டு முழுக்கச் சிவப்பு அலமாரிதான்.

தன் அட்டையில் எடுத்துத் தருவதாக அக்கா சொன்னாள். அவளுக்குப் பத்து வயது. தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. அது அவன் அட்டையில்தான் வர வேண்டுமாம்.

பயிற்சிக்கு அக்கா வேறொரு கதை எடுத்து வந்தாள். வீட்டைவிட்டு ஓடும் ஆட்டின் கதை. தம்பி ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். தப்பு வந்ததும் அக்கா திருத்தினாள். அரை மணி நேரம் போயிற்று.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு அம்மா கேட்டாள். "இன்னுமா அந்த ஆடு வாசலத் தாண்டல?"

அப்போதுதான் அக்கா ஒன்றைக் கவனித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் தம்பி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் புருவம் அசையாவிட்டால் அடுத்த சொல்லுக்குப் போனான். சரியாகப் படித்த ஒரு சொல்லுக்கு அவள் வேண்டுமென்றே புருவத்தை உயர்த்தினாள். உடனே அதைத் தப்பாக மாற்றினான்.

"டேய், நீ புக்கைப் படிக்கிறியா, என் மூஞ்சியப் படிக்கிறியா?"

தம்பி யோசித்தான். "மூஞ்சிதான் ஈஸியா இருக்கு."

அக்கா அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இனித் திருத்த மாட்டேன் என்றாள். கதை புரியாவிட்டால் 'புரியல' என்று மட்டும் சொல்வாளாம்.

முதல் நாள் பதினொரு முறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவன் வரியின் தொடக்கத்துக்குப் போனான். முதலில் எழுத்துக்கூட்டினான். பிறகு அதே வரியைப் பேசுவதுபோல் படித்தான். அக்காவுக்கு நாக்கு துறுதுறுத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நாள் ஐந்து முறை.

வியாழக்கிழமை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. ஆடு பேருந்தில் ஏறிவிட்டது. அது எங்கே இறங்கும் என்ற யோசனையில் அக்கா எல்லாவற்றையும் மறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆசிரியை கொடுத்தது ஒரு திருடன் கதை. தம்பி நாலாவது வரியில் நின்றான். யாரும் 'புரியல' என்று சொல்லாமலே வரியின் தொடக்கத்துக்குப் போனான். மறுபடி படித்தான். வந்துவிட்டது. மற்ற வரிகளும் வந்தன.

பக்கம் முடிந்ததும் ஆசிரியை போதும் என்று கையை நீட்டினார். தம்பி அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தான்.

"திருடன் மாட்டினானான்னு பாத்துட்டுத் தரேன் டீச்சர்."

அவர் நீல அட்டையில் எழுதும்வரை அவன் தலை நிமிரவில்லை.

அன்று மாலை தம்பி கப்பல் கதையோடு மூலையில் உட்கார்ந்தான். சத்தமே இல்லை. அக்கா இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கப்பல் என்னாச்சு? எனக்கும் படிச்சுக் காட்டேன்."

"முடிச்சிட்டுத் தரேன்," என்றான் தம்பி. "நீயே படிச்சுக்கோ."