இப்ப தெரியுதா?

"எங்க அக்கா பொஸ்தகத்தக் குடுங்க."

இதை மட்டும் அந்த வீட்டில் கேட்டுவிடக் கூடாது என்று தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள் அம்மா ஆண்டாயி. மணிமொழி வாசலில் நின்று, அக்கம்பக்கம் கேட்கும்படி அதைத்தான் கேட்டாள்.

கம்பிக்கதவுக்குப் பின்னால் வீட்டுக்காரி பச்சையம்மாள் கண்ணைச் சுருக்கினாள். "யாருடி நீ?"

"ஆண்டாயி மவ. பரிமளா தங்கச்சி. பி.ஏ. முடிச்சிருக்கேன்."

"பி.ஏ. படிச்சவளுக்குச் செருப்ப வெளிய வுடத் தெரியாதா?"

"பி.ஏ. படிச்சதாலதாம்மா போட்டுக்கிட்டு வந்தேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

'சின்னத்திரைச் சோலை' என்ற டிவி பத்திரிகை மாதம் இருமுறை வரும். சிமெண்டு லாரியில் போகும் அப்பா, அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கி வருவார். வீட்டில் டிவி கிடையாது, கரண்டே கிடையாது. பரிமளா அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுத் தலையை நுழைத்துக்கொண்டு, நிகழ்ச்சி நிரலைச் செய்தி வாசிப்பதுபோல வாசிப்பாள். தொடர்களின் கதைச்சுருக்கத்துக்கு அவளே அழுவாள், அவளே சிரிப்பாள். காற்றில் சிமினி விளக்கு அணைந்தால், இருட்டுக்குள்ளிருந்து குரல் வரும்: "தடங்கலுக்கு வருந்துகிறோம்." மணிமொழி எழுத்துக்கூட்டக் கற்றதே அந்தப் பக்கங்களில்தான்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், இடி மழையில், இந்த வீட்டு மொட்டைமாடியில் பரிமளா கரிந்து கிடந்தாள். "எங்கூட்டு டிவி பொஸ்தகத்தத் திருடிக்கிட்டு மாடியில ஒளிஞ்சா, இடி வுழுந்துடுச்சு" என்றார் வீட்டுக்காரர் சாமிதுரை. ரெட்டிபாளையமே நம்பியது. அவரும் செத்துப்போனார். திருடி என்ற பேர் மட்டும் சாகவில்லை. போன வாரம் மணிமொழி டிகிரி வாங்கி வந்தபோதுகூடத் தெருக்குழாயடியில் ஒருத்தி சிரித்தாள்: "திருடி தங்கச்சி பட்டம் வாங்கிட்டாளாம்!"

மாடிப்படிக்குக் கீழே, கிழிந்த சாக்குக்கு அடியில், சணல் கட்டோடு அப்படியே இருந்தன புத்தகங்கள். இழுத்தெடுத்தாள். அட்டையில் சிரித்த நடிகையின் முகத்தில் சிமெண்டுத் தூசி.

"எடுத்துக்கிட்டுப் போயிடு" என்றாள் பச்சையம்மாள். "இன்னைக்கு வெள்ளிக்கிழம. பொழுது எறங்கறதுக்குள்ள போயிடு."

வெளியே சொட்டு மழை இல்லை. ஆனால் கூடத்தில் ஈர மண் வாசனை ஏறியது. அதற்குள் இன்னொரு வாசனை. தீய்ந்த முடி.

மேலே இரும்புக் குழாய் சிமெண்டுத் தரையில் உராய்ந்தது.

கிறீச்.

கேபிள் வந்தபோதே ஆண்டனாவைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருந்தார்கள்.

கிறீச்.

பிறகு ஒரு சிறுமியின் குரல். மழைக்கு மேலே கேட்க வேண்டுமென்று கத்துகிற குரல்.

"இப்ப தெரியுதா?"

மணிமொழி கையிலிருந்த புத்தகக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பதில் சொல்லிடாத!" பச்சையம்மாள் அவள் வாயைப் பொத்த வந்தாள். "இத்தன வருஷமா நாங்க யாரும் பதில் சொன்னதில்ல. தெரியுதுன்னு ஒரு வார்த்த சொன்னா எறங்கி வந்துடுவா!"

மணிமொழி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"திருட வந்தவ எதுக்கும்மா படம் தெரியுதான்னு கேக்குறா?"

பச்சையம்மாள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"எங்கூட்டுக்காரருதான் அவள மாடியில ஏத்துனாரு" என்றாள் மெல்ல. "பாட்டுப் போடுற நேரம். படம் புள்ளி புள்ளியா வந்துச்சு. அவ சன்னலாண்ட பொஸ்தகக் கட்ட வச்சுக்கிட்டு நின்னா. ஆண்டனாவத் திருப்பிட்டு வா, உள்ள உக்காந்து பாக்கலாம்னாரு. மின்னுதுங்கன்னு சொன்னா. ஏறுடின்னாரு."

"இப்ப தெரியுதா?"

குரலில் அவசரம் கூடியிருந்தது. குளிரில் பல் அடித்துக்கொள்ளும் சத்தமும் கேட்டது.

பயம் போய்விட்டது. அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

மணிமொழி தலையை நிமிர்த்தித் தொண்டை கிழியக் கத்தினாள்.

"தெரியுதுக்கா! நல்லாத் தெரியுது! எறங்கி வா!"

குழாய்ச் சத்தம் நின்றது.

படியில் ஈரக்கால் வைக்கும் ஓசை.

ஒவ்வொரு படியாக.

கூடத்துத் தரையில் சின்னப் பாதங்கள் நீர்த்தடமாக விழுந்தன. மணிமொழியின் அருகில் வந்து நின்றன. அவள் புறங்கையை ஈர விரல் ஒன்று தொட்டது.

"பயமா இருக்குடி, கூட்டிட்டுப் போயிடு இவள!" என்று கதறினாள் பச்சையம்மாள்.

"அவ எதுக்கு வரணும்? கூப்புட்டது நீங்க. உக்காத்தி வச்சுப் படம் காட்டுங்க."

புத்தகக் கட்டின் சணலை அவிழ்த்துச் சோபாவில் வைத்தாள். இதைத் தூக்கிப்போகத்தான் வந்தாள். இனி இது இருக்க வேண்டிய இடம் இதுதான்.

முதலில் தெருக்குழாயடி. கூட்டம் இருக்கும் நேரம். சிரித்தவளின் முகத்தைப் பார்த்துத்தான் நடந்ததைச் சொல்ல ஆரம்பிப்பாள். நம்பாதவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

மணிமொழி செருப்புச் சத்தம் கேட்க வெளியே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால், பிளக் பிடுங்கிப்போட்டிருந்த டிவி பாட ஆரம்பித்தது. ஒரு சிறுமி நிதானமாகப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள்.